புதுப்பித்த விண்டோஸ் நிறுவல் வட்டு: எதைச் சேர்க்கலாம், எதைத் தொடக்கூடாது

2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு அப்டேட்கள் நின்றுவிட்டன. அதன் பிறகு இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்தில் கணினி திருத்துகிறவர்களிடமும் பாடசாலைக் கணினிக்கூடங்களிலும் ஒரு கேள்வி சுற்றிக்கொண்டே இருக்கிறது: "அப்டேட் பண்ணின டிஸ்க் ஒன்று இருந்தால் போதும்தானே, ஏன் புதுக் கம்ப்யூட்டர்?"

இந்தக் கேள்விக்குள் மூன்று வெவ்வேறு விஷயங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

1. அப்டேட் சேர்த்த வட்டு. நிறுவல் வட்டு (இன்று பெரும்பாலும் பென் டிரைவ்) வெளியான நாளுக்குப் பின் வந்த திருத்தங்களை வட்டுக்குள்ளேயே ஏற்றி வைப்பது. நிறுவி முடித்ததும் கணினி ஏறக்குறைய இன்றைய நிலையில் இருக்கும்.

2. தேவைக்கேற்ப மாற்றிய வட்டு. டிரைவர் (கணினியின் பாகங்களை விண்டோஸ் இயக்க உதவும் சிறு மென்பொருள்), எழுத்துரு, மொழி, அமைப்புகள் ஆகியவற்றைச் சேர்ப்பது. வேண்டாத பாகங்களை வெட்டி எறிவதையும் சிலர் இதே பெயரில் சொல்கிறார்கள்.

3. ஆதரவுக் காலம். ஓர் இயங்குதளத்துக்குப் புதிய திருத்தங்கள் எந்த நாள்வரை எழுதப்படும் என்பது.

முதல் இரண்டும் நம் கையில் இருப்பவை. மூன்றாவது மைக்ரோசொஃப்ட்டின் கையில் இருப்பது. எவ்வளவு திறமையாகத் தயாரித்த வட்டாக இருந்தாலும் அதற்குள் நேற்று வரை எழுதப்பட்ட திருத்தங்களைத்தான் வைக்க முடியும். நாளை கண்டுபிடிக்கப்படும் ஓட்டைக்கு அதில் மருந்து இருக்காது. விண்டோஸ் 10-இன் வட்டை 2025 ஒக்டோபர் 14 அன்று வந்த கேபி5066791 அப்டேட் (கேபி என்பது மைக்ரோசொஃப்ட் அப்டேட்டுக்கு இடும் இலக்கம்) வரை கொண்டுவந்து நிறுத்தலாம். கடைசியில் சொல்லும் நீட்டிப்புத் திட்டத்தில் பதிவு செய்யாத கணினிக்கு, அதற்கு மேல் அந்த வட்டில் ஏற்ற இலவசமாக எதுவும் இல்லை.

அப்படியானால் இந்த வேலை வீணா? இல்லை. மலையகத்தில் இதற்குத் தேவை அதிகம். காரணம் டேட்டா.

டேட்டா கணக்கு

ஒரு தோட்டப் பாடசாலையின் கணினிக்கூடத்தில் 20 கணினிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். விண்டோஸ் 11-இன் மாதாந்த அப்டேட் ஒன்று சில ஜிபி வரும். டிரைவர்களையும் சேர்த்துக் கணினிக்கு 4 ஜிபி என்று எடுத்தாலே 80 ஜிபி. நகரத்தில் ஃபைபர் இணைப்பு உள்ளவருக்கு இது பெரிய விஷயமில்லை. சிக்னல் ஒரு ஜன்னலோரத்தில் மட்டும் கிடைக்கிற இடத்தில், மொபைல் டேட்டாவை ஹொட்ஸ்பொட் போட்டுப் பகிர்கிற ஆசிரியருக்கு அது நடக்காத காரியம். அதனால்தான் பல கூடங்களில் அப்டேட்டை ஒரேயடியாக நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அது தவறுதான், ஆனால் ஏன் செய்கிறார்கள் என்பதும் புரிகிறது.

இன்னொன்று கரண்ட். மரம் விழுந்தாலும், ஏப்ரல் மாதத்து மாலை இடி மின்னலிலும் விநியோகம் போய்விடும். யுபிஎஸ் இல்லாத கணினி அப்டேட்டின் நடுவில் அணைந்தால் சில வேளை எழும்பவே எழும்பாது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பாதைகளும் தொலைத்தொடர்பும் சேர்ந்தே துண்டிக்கப்பட்டதை மலைநாடு பார்த்தது. இணையம் இல்லாமலே ஒரு கணினியை முழுமையாக எழுப்பக்கூடிய ஒரு பென் டிரைவ் அலுமாரியில் இருப்பது இங்கே ஆடம்பரம் அல்ல.

வட்டுப் படிமம் (முழு நிறுவல் வட்டும் அடங்கிய ஒரே கோப்பு) 5 ஜிபிக்கு மேல், அப்டேட் சில ஜிபி, டிரைவர்கள் கொஞ்சம். எல்லாம் சேர்த்து 10 ஜிபி அளவு. இதை ஒரு முறை, நல்ல இணைப்பு உள்ள இடத்தில் அல்லது இரவு டேட்டாவில் இறக்கினால் போதும். 20 கணினிக்கும் அதுவே.

(கணினிகள் எல்லாம் ஒரே ரூட்டரில் இருந்தால் விண்டோஸிலேயே 'டெலிவரி ஒப்டிமைசேஷன்' என்ற வசதி உண்டு. ஒரு கணினி இறக்கியதை மற்றவை உள்வலையமைப்பில் வாங்கிக்கொள்ளும். மாதாந்த அப்டேட்டுக்கு மட்டும் வழி தேடுகிறவர்கள் வட்டு தயாரிக்கும் முன் இதைச் சரிபார்க்கலாம்.)

வட்டுக்குள் என்ன இருக்கிறது

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் நிறுவல் சிடிக்குள் ஆயிரக்கணக்கான தனித்தனிக் கோப்புகள் இருந்தன. சர்விஸ் பேக்கை அவற்றின் மேல் எழுதிக் கலப்பதை 'ஸ்லிப்ஸ்ட்ரீம்' என்றார்கள். என்லைட் என்ற மென்பொருள் அப்போதுதான் பெயர் வாங்கியது. விஸ்டாவோடு அமைப்பே மாறியது. இப்போது முழு இயங்குதளமும் ஒரே படிமக் கோப்பாக வருகிறது. அப்படிமத்தைத் திறந்து, உள்ளே வேலை செய்து, மூடிவிடலாம். அதற்கான கருவி 'டிஸ்ம்'. விண்டோஸ் 7 முதல் கணினியிலேயே இருக்கிறது, தனியாகப் பணம் கொடுத்து வாங்கத் தேவையில்லை.

முக்கியமான கோப்புகள் மூன்று:

1. இன்ஸ்டோல்.விம்: கணினியில் நிறுவப்படப்போகும் விண்டோஸ். ஹோம், புரோ, எடியுகேஷன் எனப் பல பதிப்புகள் ஒரே கோப்பில் இலக்கமிட்டு அடுக்கப்பட்டிருக்கும்.

2. பூட்.விம்: வட்டிலிருந்து கணினி எழும்பும்போது ஓடுகிற சிறிய விண்டோஸ். "எங்கே நிறுவட்டும்?" என்று கேட்கும் திரை இதிலிருந்துதான் வருகிறது.

3. வின்ஆர்ஈ.விம்: கணினி பழுதானால் மீட்டெடுக்கும் பகுதி. இது இன்ஸ்டோல்.விம்முக்குள்ளே ஒளிந்திருக்கும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

மைக்ரோசொஃப்ட்டின் 'மீடியா கிரியேஷன் டூல்' வழியாகச் செய்த பென் டிரைவில் இன்ஸ்டோல்.விம்முக்குப் பதிலாக இன்ஸ்டோல்.ஈஎஸ்டி இருக்கும். அது கூடுதலாகச் சுருக்கப்பட்டது. டிஸ்ம்மால் நேரடியாகத் திறந்து வேலை செய்ய முடியாது. முதலில் விம் ஆக ஏற்றுமதி செய்ய வேண்டும். நேரம் மிச்சமாக வேண்டுமென்றால் மைக்ரோசொஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பையே, அதாவது முழு வட்டுப் படிமத்தையே, இறக்குவது நல்லது.

செய்முறை: வரிசைதான் முக்கியம்

கட்டளைகளை எழுத்தெழுத்தாகத் தருவதைவிட எதன் பின் எது வர வேண்டும், ஏன் வர வேண்டும் என்று சொல்வது பயன்படும். வரிசை பிசகினால் வேலை முடிந்ததாகத் தோன்றும். நிறுவிய பிறகுதான் கோளாறு தெரியும்.

1. ஐஎஸ்ஓவைச் சரிபார்த்தல். மைக்ரோசொஃப்ட் பதிவிறக்கப் பக்கத்தில் ஒவ்வொரு மொழிக்கும் எஸ்எச்ஏ-256 என்ற நீண்ட கைரேகை இலக்கம் தரப்படுகிறது. விண்டோஸின் கட்டளைத் திரையான பவர்ஷெல்லில் 'கெட்-ஃபைல்ஹாஷ்' கட்டளை ஓட்டி ஒப்பிடுங்கள். ஓர் எழுத்து வேறுபட்டாலும் அந்தக் கோப்பு வேண்டாம். இதை மாற்றங்கள் செய்வதற்கு முன்னால்தான் செய்ய முடியும். மாற்றிய பிறகு கைரேகை எப்படியும் மாறிவிடும்.

2. இடம் ஒதுக்குதல். என்டிஎஃப்எஸ் வடிவிலுள்ள வன்தட்டில் 30 ஜிபியாவது காலியாக வேண்டும். படிமம் திறந்திருக்கும்போது விரிந்து இடம் பிடிக்கும். பென் டிரைவிலேயே வைத்துச் செய்ய முயல வேண்டாம். ஆன்டிவைரஸ் அந்தக் கோப்புறையைத் துருவிக்கொண்டிருந்தால் மூடும்போது பிழை வரும்; அந்தக் கோப்புறைக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம்.

3. தேவையான பதிப்பை மட்டும் எடுத்தல். எல்லாக் கணினிக்கும் புரோதான் என்றால் அந்த ஓர் இலக்கத்தை மட்டும் ஏற்றுமதி செய்தால் போதும். பதினொரு பதிப்புக்கும் ஒவ்வொன்றாக அப்டேட் ஏற்றிக்கொண்டிருந்தால் ஒரு நாள் போய்விடும்.

4. முதலில் மொழியும் கூடுதல் வசதிகளும், அப்புறம்தான் அப்டேட். மொழிப் பொதியோ விருப்ப வசதியோ பழைய கோப்புகளோடு வரும். அப்டேட்டுக்குப் பின் அவற்றைச் சேர்த்தால் அந்தப் பகுதி மட்டும் பழையதாக நின்றுவிடும். அப்டேட்டைத் திரும்பவும் ஏற்ற வேண்டியிருக்கும். அதிகமானோர் சறுக்குகிற இடம் இதுதான்.

5. திரள் அப்டேட்டை ஏற்றுதல். 'மைக்ரோசொஃப்ட் அப்டேட் கெடலொக்' தளத்தில் அந்தப் பதிப்புக்குரிய கடைசித் திரள் அப்டேட்டைத் தேடி எடுக்க வேண்டும். திரள் என்றால் முந்தைய மாதங்களின் திருத்தங்களையும் சேர்த்துக்கொண்டது; ஒவ்வொரு மாதத்தையும் தனித்தனியே ஏற்ற வேண்டியதில்லை. விண்டோஸ் 11 24எச்2 (2024 இரண்டாம் பாதியின் பதிப்பு) முதல் ஒரு சிறு சிக்கல் சேர்ந்திருக்கிறது. சில அப்டேட்கள் 'செக்பொயின்ட்' எனப்படும் இடைப்படிகளாக வருகின்றன. முதலாவது 2024 செப்டெம்பரின் கேபி5043080. இடைப்படிக் கோப்பையும் கடைசி அப்டேட்டையும் ஒரே கோப்புறையில் வைத்து, கடைசிக் கோப்பை மட்டும் டிஸ்ம்முக்குக் காட்டினால் தேவையானதை அதுவே எடுத்துக்கொள்ளும். வேறு அப்டேட்களை அந்தக் கோப்புறையில் போட்டு வைக்காதீர்கள்.

6. பூட்.விம், வின்ஆர்ஈ இரண்டுக்கும் அவற்றுக்குரிய திருத்தங்கள். பூட்.விம்முக்கு 5ஆம் படியின் திரள் அப்டேட்டே. மற்றவை கெடலொக்கில் 'சேஃப் ஓஎஸ் டைனமிக் அப்டேட்', 'செட்அப் டைனமிக் அப்டேட்' என்ற பெயர்களில் கிடைக்கும். முதலாவது மீட்புப் பகுதிக்கு. இரண்டாவதை விரித்து வட்டின் 'சோர்சஸ்' கோப்புறையில் கொப்பி பண்ண வேண்டும்.

7. துப்புரவு செய்து, சேமித்து மூடுதல். பழைய கோப்புகளை நீக்கும் துப்புரவுக் கட்டளையை ஓட்டி, மாற்றங்களைச் சேமிக்கச் சொல்லிப் படிமத்தை மூட வேண்டும். மூடிய பின் இன்னொரு முறை ஏற்றுமதி செய்தால் அளவு குறையும்.

8. மறுபடி ஐஎஸ்ஓ ஆக்குதல். மைக்ரோசொஃப்ட் இலவசமாகத் தரும் ஏடிகே என்ற நிறுவல் கருவித் தொகுப்பிலுள்ள 'ஒஸ்சிடிஇமேஜ்' இதற்கானது. பழைய பயோஸுக்கும் புதிய யுஈஎஃப்ஐக்கும் (கணினியை எழுப்பும் தாய்ப்பலகை மென்பொருளின் இரு வகைகள்) எழும்பக்கூடியதாக இரண்டு பூட் கோப்புகளையும் கொடுக்க வேண்டும். ஒன்றை விட்டால் பாதிக் கணினிகளில் வட்டு எழும்பாது.

விண்டோஸ் 10 கணினியில் இருந்துகொண்டு விண்டோஸ் 11 படிமத்தைத் திருத்துகிறவர்கள் கணினியோடு வந்த பழைய டிஸ்ம்மை விட்டுவிட்டு, புதிய ஏடிகேயில் உள்ளதைப் பயன்படுத்துவது பாதுகாப்பு. கட்டளைத் திரை பிடிக்காதவர்களுக்கு என்டிலைட் போன்ற படத்திரை மென்பொருட்கள் உண்டு. உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான்.

வட்டு தெரியவில்லை, வைஃபை இல்லை

அப்டேட்டைவிட அதிகமாகக் கைகொடுப்பது டிரைவர் சேர்ப்பு. இன்டெல் 11ஆம் தலைமுறை முதலான லேப்டொப்கள் பலவற்றில் விண்டோஸ் நிறுவப்போனால் "எங்கே நிறுவட்டும்?" திரை வெறுமையாக இருக்கும். வன்தட்டு பழுது என்று நினைத்துப் புது எஸ்எஸ்டி வாங்கப் போகிறவர்களும் உண்டு. தட்டில் எந்தப் பழுதும் இல்லை. விஎம்டி எனப்படும் இன்டெல் சேமிப்புக் கட்டுப்பாட்டுக்கான டிரைவர் நிறுவல் வட்டில் இல்லை, அவ்வளவுதான்.

அந்த டிரைவரை இரண்டு இடத்தில் சேர்க்க வேண்டும். பூட்.விம்மில் சேர்த்தால்தான் நிறுவும் திரைக்குத் தட்டு தெரியும். இன்ஸ்டோல்.விம்மில் சேர்த்தால்தான் நிறுவிய விண்டோஸ் ஒழுங்காக எழும்பும். தயாரிப்பாளரின் தளத்தில் ஈஎக்ஸ்ஈ கோப்பாகக் கிடைப்பதை அப்படியே டிஸ்ம்முக்குக் கொடுக்க முடியாது; விரித்து, உள்ளே ஐஎன்எஃப் கோப்பு இருக்கும் கோப்புறையைக் கொடுக்க வேண்டும்.

வைஃபை டிரைவரும் அப்படித்தான். விண்டோஸ் 11 முதல் தடவை எழும்பும்போதே இணையத்தைக் கேட்கிறது. வைஃபை டிரைவர் இல்லையென்றால் இணையம் இல்லை. இணையம் இல்லையென்றால் டிரைவர் இறங்காது. கூடத்தில் இருக்கும் கணினி வகைகள் இரண்டோ மூன்றோதான் என்றால் அவற்றின் வைஃபை, லேன் டிரைவர்களை முன்கூட்டியே ஏற்றிவிட்டால் இந்த முடிச்சு விழாது. அதற்காகக் கிடைக்கிற டிரைவர் எல்லாவற்றையும் அள்ளிப் போட வேண்டாம். படிமம் பெருக்கும், பொருந்தாத டிரைவர் தொற்றிக்கொள்ளவும் இடமுண்டு.

தமிழ் எழுத்துருவும் பழைய ஆவணங்களும்

விண்டோஸ் 8 முதல் தமிழுக்கான இயல்பு எழுத்துரு நிர்மலா யுஐ. அதற்கு முன் இருந்த லதா, விஜயா இரண்டும் விண்டோஸ் 10 முதல் தனி விருப்பத் தொகுப்பாகிவிட்டன. லதாவில் அமைத்த பழைய வினாத்தாளைப் புதிய கணினியில் திறந்தால் பக்கங்கள் குலைவது இதனால்தான். தமிழுக்கான துணை எழுத்துருத் தொகுப்பை இணையத்திலிருந்து இறக்கச் சொல்லி விண்டோஸ் கேட்கும். வட்டிலேயே அதைச் சேர்த்துவிட்டால், மேலே சொன்ன 4ஆம் படியில், பிரச்சினை முடிந்தது.

பாமினி கதை வேறு. அது யுனிகோட் எழுத்துரு அல்ல. இலங்கையில் அச்சகம், பாடசாலை, தோட்டக் காரியாலயம் என்று எல்லா இடத்திலும் பழைய ஆவணங்கள் அதில் கிடக்கின்றன. கணினியில் பாமினி இல்லாவிட்டால் கடிதம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எழுத்துருக் கோப்பை நிறுவலின்போது தானாக ஏற்றும்படி வட்டில் வைக்கலாம். தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் விண்டோஸிலேயே இருக்கின்றன. பாமினி முறையில் தட்டச்சிடப் பழகியவர்களுக்குத் தனி மென்பொருள் வேண்டும், அதன் நிறுவல் கோப்பையும் பக்கத்தில் போட்டு வையுங்கள்.

செக்ரோல் (தோட்டத் தொழிலாளரின் வரவு, சம்பளப் பதிவேடு) கணக்கு போடும் பழைய மென்பொருட்கள் சிலவற்றுக்கு டொட்நெட் 3.5 என்ற மைக்ரோசொஃப்ட் துணைத் தொகுப்பு தேவைப்படும். அதை இணையத்திலிருந்து இறக்கத் தேவையில்லை. நிறுவல் வட்டின் 'சோர்சஸ்' கோப்புறைக்குள் 'எஸ்எக்ஸ்எஸ்' என்ற உட்கோப்புறையில் அது ஏற்கெனவே இருக்கிறது. டிஸ்ம்மால் முன்கூட்டியே இயக்கி வைக்கலாம். இதை மட்டும் 7ஆம் படியின் துப்புரவுக்குப் பின், படிமத்தை மூடும் முன் செய்ய வேண்டும்; முன்பே இயக்கினால் துப்புரவுக் கட்டளை தோற்றுவிடும்.

கேள்வி கேட்காத வட்டு

நிறுவும்போது வரும் கேள்விகளுக்குப் பதில்களை முன்பே எழுதி வைக்கும் கோப்புக்கு 'ஓட்டோஅன்அட்டெண்ட்.எக்ஸ்எம்எல்' என்று பெயர். பென் டிரைவின் முதல் கோப்புறையில் இது இருந்தால் நிறுவி தானாகப் படித்துக்கொள்ளும். மொழி, விசைப்பலகை, இலங்கை நேர வலயம், உள்ளூர்ப் பயனர் கணக்கு எல்லாம் தன்பாட்டில் அமையும். இருபது கணினிக்கு ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம்.

இதில் இரண்டு ஆபத்துகள்:

1. தட்டை அழிக்கும் கட்டளை. பதில் கோப்பில் 'முதல் வன்தட்டை முழுவதும் துடைத்துவிடு' என்று எழுத முடியும். அப்படி எழுதிய பென் டிரைவை யாரோ தவறுதலாகக் காரியாலயக் கணினியில் செருகி அதிலிருந்து எழுப்பினால், பத்து வருடக் கணக்கும் ஒரு கேள்வி கூடக் கேட்காமல் போய்விடும். தட்டுத் தேர்வை மட்டும் மனிதரிடமே விட்டுவிடுங்கள். எவ்வளவு நேரம் மிச்சமானாலும் தானாகத் துடைக்கும் கட்டளையை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

2. கடவுச்சொல். அந்தக் கோப்பில் எழுதும் கடவுச்சொல்லை பென் டிரைவ் கையில் கிடைத்த எவரும் எளிதாக எடுத்துவிடலாம். தற்காலிகமான ஒன்றை வைத்து, நிறுவியதும் மாற்றிவிட வேண்டும்.

ஒரு கணினியை அப்படியே பிரதி எடுப்பது

ஒஃபிஸ், பிரவுசர், எழுத்துரு எல்லாம் போட்டு முடித்த ஒரு கணினியின் தட்டை 'கோஸ்ட்' அடித்து மற்றவற்றில் இறக்குவது கணினிக்கூடங்களில் பழகிப்போன வழி. வட்டைத் திருத்துவதைவிட எளிதுதான். ஆனால் விண்டோஸ் ஒவ்வொரு நிறுவலுக்கும் எஸ்ஐடி என்ற தனி அடையாளம் தருகிறது. பிரதி எடுத்தால் எல்லாக் கணினிக்கும் ஒரே அடையாளம் போய்ச் சேரும். நீண்ட காலம் இதனால் பெரிதாகத் தொல்லை வரவில்லை. 2025 ஓகஸ்ட் 29 முதல் வந்த அப்டேட்களோடு விண்டோஸ் 11 24எச்2, 25எச்2 இரண்டும் ஒரே எஸ்ஐடி உள்ள கணினிகளுக்கிடையே உள்நுழைவை மறுக்கத் தொடங்கின. பகிர்ந்த கோப்புறை திறக்காது, சரியான கடவுச்சொல்லையே பிழை என்று சொல்லும். "நேற்றுவரை வேலை செய்தது" என்று கேபிளை மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தால் விடை கிடைக்காது.

சரியான வழி, பிரதி எடுக்கும் முன் 'சிஸ்பிரெப்' கருவியை 'ஜெனரலைஸ்' தெரிவோடு ஓட்டுவது. அது கணினியின் தனி அடையாளங்களைக் களைந்து, அடுத்து எழும்பும்போது புதியதை உண்டாக்கச் செய்யும். முதல் நிறுவலின் வரவேற்புத் திரையில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தி 'ஓடிட்' நிலைக்குப் போய், அங்கிருந்தே மென்பொருட்களை நிறுவிவிட்டு சிஸ்பிரெப் ஓட்டினால் சிக்கல் குறைவு. ஸ்டோரிலிருந்து ஒரு பயனருக்கு மட்டும் நிறுவிய செயலிகள் இருந்தால் சிஸ்பிரெப் பிடிவாதம் பிடிக்கும்.

வெட்டிக் குறைத்த வட்டுகள்

பழைய கணினிக்கு 'இலேசான விண்டோஸ்' என்று பலர் தேடுவது பாகங்களை நீக்கிய வட்டுகளைத்தான். இங்கே என் நிலைப்பாடு வெளிப்படையானது: சேர்ப்பது நன்மை, வெட்டுவது பெரும்பாலும் தொல்லை. விளம்பரச் செயலிகள், விளையாட்டுகள் போன்றவற்றை நீக்குவதில் ஒன்றுமில்லை. பின்னால் வேண்டுமென்றால் திரும்ப நிறுவலாம். டிஃபெண்டர் (விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸ்), அப்டேட் சேவை, மீட்புப் பகுதி, பாகக் களஞ்சியம் (விண்டோஸ் தன் பாகங்களைச் சேமித்து வைக்கும் இடம்) ஆகியவற்றை வெட்டுவது அப்படியல்ல. டைனி11 என்ற வெட்டிக் குறைத்த விண்டோஸின் 'கோர்' வடிவம் இதற்கு நேரடி உதாரணம். அளவு மிகவும் குறையும். ஆனால் அதில் பிறகு அப்டேட்டோ மொழியோ ஏற்ற முடியாது என்று அதைத் தயாரித்தவரே எழுதியிருக்கிறார். சோதனைக்கு வைத்துப் பார்க்கலாம். மாணவர் கணினியில் போடுவதற்கு அல்ல.

இன்னும் மோசமானது யாரோ செய்து, 'எக்டிவேட் பண்ணியது' என்று பெயரிட்டுப் பரப்பும் ஐஎஸ்ஓ. அதில் எதைச் சேர்த்தார்கள், எதை எடுத்தார்கள் என்று பார்க்க வழியில்லை. உரிமம் இல்லாமலே விண்டோஸைச் செல்லுபடியாக்கும் எக்டிவேட்டர்கள் பல, வேலை செய்ய டிஃபெண்டரை அணைக்கச் சொல்கின்றன. அணைத்த கதவு வழியாக வேறு என்ன வந்தாலும் தெரியாது. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் கணினி நிரல்களையும் பாதுகாக்கிறது. உரிமம் வாங்கிய நம் கணினிகளுக்காக நாமே ஒரு வட்டைத் திருத்தி வைத்திருப்பது ஒன்று, அதைப் பிரதி எடுத்து விற்பது வேறொன்று.

உண்மையில் பல லேப்டொப்களுக்கு எக்டிவேட்டரே தேவையில்லை. விண்டோஸோடு விற்கப்பட்ட கணினிகளில் விண்டோஸ் 8 காலம் முதல் உரிமச் சாவி தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கிறது. ஹோம் என்றால் ஹோம், புரோ என்றால் புரோ என்று அதே பதிப்பை நிறுவி ஒரு முறை இணையத்தில் இணைத்தால் தானாகச் செல்லுபடியாகும். மூன்றாம் படியில் எந்தப் பதிப்பை எடுக்கிறோம் என்பது இதனாலும் முக்கியம்.

பென் டிரைவில் ஏற்றும்போது

4.7 ஜிபி டிவிடியில் இன்றைய படிமம் கொள்ளாது. அதனால் 16 ஜிபி பென் டிரைவ். யுஈஎஃப்ஐ கணினிகள் எழும்ப எஃப்ஏடி32 வடிவம் வேண்டும், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை வைக்க முடியாது. அப்டேட் ஏற்றிய இன்ஸ்டோல்.விம் அந்த எல்லையைத் தாண்டிவிடும். டிஸ்ம்மால் அதைத் துண்டுகளாகப் பிரித்து வைத்தால் நிறுவி அவற்றைச் சேர்த்துப் படித்துக்கொள்ளும். அல்லது ரூஃபஸ் மென்பொருளிடம் ஐஎஸ்ஓவைக் கொடுத்துவிடலாம், அது என்டிஎஃப்எஸ் வழியாகச் சமாளிக்கும்.

விண்டோஸ் 10 கணினிகளுக்கு மிஞ்சியிருக்கும் வழிகள்

1. நீட்டிப்பு அப்டேட். வீட்டுப் பாவனையாளருக்கு 2026 ஒக்டோபர் 13 வரை உண்டு. அமைப்புகளை மைக்ரோசொஃப்ட் கணக்கில் காப்பெடுத்தால் இலவசம். இல்லாவிட்டால் 30 டொலர் அல்லது 1000 ரிவோட்ஸ் புள்ளிகள். ஒரு கணக்கில் 10 கணினி வரை சேர்க்கலாம். கல்வி நிறுவன உரிமத்தில் கணினிக்கு முதலாம் ஆண்டு 1 டொலர், இரண்டாம் ஆண்டு 2, மூன்றாம் ஆண்டு 4. பதிவு ஒவ்வொரு கணினியிலும் நடக்க வேண்டும். வட்டில் எழுதி வைக்க முடியாது. விண்டோஸ் 10-இன் கடைசிப் பதிப்பான 22எச்2 ஆக இருக்க வேண்டும் என்பதால், ஒக்டோபர் 2025 வரை புதுப்பித்த 22எச்2 வட்டு ஒன்று இங்கே நன்றாக உதவும்.

2. தகுதியுள்ள கணினியை விண்டோஸ் 11-க்கு ஏற்றுதல். டிபிஎம் 2.0 (பாதுகாப்புச் சில்லு), 4 ஜிபி ரெம், 64 ஜிபி தட்டு, இன்டெல் என்றால் பொதுவாக 8ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல். சில கணினிகளில் டிபிஎம் இருந்தும் பயோஸில் அணைந்திருக்கும். முதலில் அதைப் பாருங்கள்.

3. தகுதியில்லாத கணினியில் தடையைத் தாண்டி நிறுவுதல். ரூஃபஸில் ஒரு டிக் போட்டால் முடிகிறது. ஆனால் அப்படியான கணினிக்கு அப்டேட் கிடைக்கும் என்ற உத்தரவாதத்தை மைக்ரோசொஃப்ட் தரவில்லை; வருடாந்தப் பதிப்பு மாற்றத்தை ஒவ்வொரு முறையும் வட்டிலிருந்தே செய்ய வேண்டியிருக்கும். கோர் 2 டுவோ காலத்துக் கணினிகள் 24எச்2-இல் எழும்பவே மாட்டா, ப்ராசசரில் தேவையான கட்டளைகள் இல்லை.

4. லினக்ஸ். பழைய 4 ஜிபி கணினிக்கு நேர்மையான வழி இதுதான். உபுண்டு நீண்டகால ஆதரவுப் பதிப்புக்கு இடையிடையே புதுப்பித்த வட்டுகள் தாமாகவே வெளியாகின்றன: 24.04-க்குப் பின் 24.04.1, 24.04.2 என்று. சொந்தமாக மாற்ற 'கியூபிக்' என்ற கருவி உண்டு, செய்த வட்டைப் பிறருக்குக் கொடுக்க உரிமச் சிக்கலும் குறைவு. கண்டியின் ஹந்தானை மலைப் பெயரோடு ஃபெடோராவை அடிப்படையாகக் கொண்டு வந்த ஹந்தானா லினக்ஸ், கல்வி மென்பொருட்களை டிவிடியிலேயே நிரப்பிக் கொடுத்தது. இணையம் குறைந்த இடத்துக்குப் பொருத்தமான அணுகுமுறை அது. செக்ரோல் மென்பொருள் ஓடாது என்பது மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

வட்டுக்கும் வயதாகும்

புதுப்பித்த வட்டே பிழையோடு பிறந்த சம்பவம் ஒன்று நடந்திருக்கிறது. 2024 ஒக்டோபர் 8 முதல் நவம்பர் 12 வரை வந்த பாதுகாப்பு அப்டேட் சேர்த்த வட்டால் 24எச்2 நிறுவிய கணினிகள், அதற்குப் பின் பாதுகாப்பு அப்டேட்களை ஏற்க முடியாத நிலைக்குப் போகலாம் என்று மைக்ரோசொஃப்ட் எச்சரித்தது. டிசம்பர் 10 அல்லது அதற்குப் பிந்திய அப்டேட் சேர்த்த வட்டால் மறுபடி நிறுவுவதுதான் தீர்வு. இணையம் வழியாக அப்டேட் ஆன கணினிகளுக்கு இந்தப் பாதிப்பு இல்லை. அந்தக் காலத்துப் பென் டிரைவ் எங்காவது மேசை லாச்சியில் இருந்தால் அழித்துவிடுங்கள்.

செக்யூர் பூட் (நம்பகமான கையொப்பமுள்ள பூட் கோப்புகளை மட்டும் ஓட விடும் பாதுகாப்பு) சான்றிதழ்களும் மாறுகின்றன. 2011இல் வழங்கப்பட்டவை 2026 ஜூன் தொடங்கிக் காலாவதியாகின்றன. 2023இன் சான்றிதழ்கள் அந்த இடத்துக்கு வருகின்றன. காலாவதியானதும் கணினி நின்றுவிடாது. ஆனால் பழைய பூட் கோப்புகளைத் தடைப்பட்டியலில் சேர்த்த கணினியில், பழைய கையொப்பத்தோடு இருக்கும் நிறுவல் வட்டு எழும்ப மறுக்கும். பயோஸில் செக்யூர் பூட்டை அணைத்துவிட்டு நிறுவுவது பலருக்கு முதலில் தோன்றும் வழி. வட்டின் பூட் கோப்புகளைப் புதுப்பிப்பதுதான் சரி.

அப்டேட்கள் மாதந்தோறும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வருகின்றன. மாதம் ஒரு வட்டு தேவையில்லை. பாடசாலையின் ஒவ்வொரு தவணை விடுமுறையிலும் ஒன்று போதும். பென் டிரைவின் மேல் விண்டோஸ் பதிப்பு, ஏற்றிய அப்டேட்டின் கேபி இலக்கம், தயாரித்த திகதி, எந்தக் கணினி வகைகளுக்கான டிரைவர் உள்ளே இருக்கிறது என்ற நான்கையும் எழுதி ஒட்டுங்கள். புதிய வட்டால் ஒரு கணினியை நிறுவி, அதில் அடுத்த மாத அப்டேட் ஒழுங்காக ஏறுகிறதா என்று பார்க்கும் வரை பழைய வட்டை அழிக்க வேண்டாம்.